ஆத்தாம ஒரு டீ

சுத்துது. என் ரத்தம் அந்தப் பெட்டிக்குள்ள கிடந்து சுத்துது. கால் மணி நேரமாம், அதுவரைக்கும் மூடியத் திறக்கக் கூடாதாம், நான் இந்தக் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு சும்மா இருக்கணுமாம். சும்மா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதே சிஸ்டர்னு சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பிள்ளை அதுக்குள்ள திரும்பி நின்னு என்னத்தையோ எழுத ஆரம்பிச்சிருச்சு. இருபத்தெட்டு வருஷமா நின்னுக்கிட்டே இருந்தவன் நான். உசிலம்பட்டியில ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதுத்தாப்ல மீரான் பாய் டீக்கடைன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க, அந்தக் கடையில டீ ஆத்துற பட்டறையில நிக்கிற மாஸ்டர் நான்தான், ஒச்சப்பன். காலையில பாய்லரைப் பத்த வச்சேன்னா மத்தியானம் வரைக்கும் உக்கார மாட்டேன். இப்ப மதுரையில, ஏசி ரூம்ல, வெள்ளைத் துணி விரிச்ச கட்டில்ல, காலை நீட்டிக்கிட்டு, மாப்பிள்ளை மாதிரி. பெட்டி சத்தம் போடுது, மிக்ஸிய ஒண்ணும் போடாம ஓட விட்டா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். இடது கையில குத்தி எடுத்தாங்க, வலது முழங்கையில போடப் போறாங்க. ஒரே ஆளுக்குள்ள இங்கிட்டு எடுத்து அங்கிட்டு ஊத்துறது. நானும் அதைத்தானய்யா பண்றேன், டீ ஆத்துற போணியிலேர்ந்து கிளாஸுக்கு, கிளாஸுலேர்ந்து போணிக்கு, இதுக்குப் போயி எட்டு வருஷம் படிச்சிருக்காங்களேன்னு நெனச்சு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. குழாய்ல ரத்தத்தைப் பாத்தேன், கெட்டியா, மொதத் தரம் எறக்கின டிகாக்‌ஷன் கலர்ல. சுத்தி முடிச்சா சிவப்பு அடியில தங்கிருமாம், மேல மஞ்சளாத் தெளிஞ்சு நிக்குமாம், அந்தத் தெளிவை எடுத்துத்தான் ஊசியில போடுவோம்னு டாக்டரம்மா சொன்னாங்க. என் வீட்டுக்காரி ஜெயக்கொடி வெளிய பெஞ்சில ஃபைலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உள்ள வரட்டுமான்னு கேட்டா. வேணாம், வெளியவே இருன்னுட்டேன். நான் ஊசிக்குப் பயந்த ஆளுன்னு அவளுக்குத் தெரியும், தெரிஞ்சாலும் நேர்ல பாக்க வேணாம்.

இது ரெண்டாவது ஊசி. மொத ஊசி போன சித்திரையில எங்க ஊர் எலும்பு டாக்டர்கிட்டப் போட்டது. அதுக்கு முன்னாடி கார்த்திகையிலேர்ந்தே வலி. முழங்கைக்கு வெளிப்பக்கம் ஒரு எலும்பு துருத்திக்கிட்டு நிக்குமே, அதுல சுள்ளுனு ஆரம்பிச்சு மணிக்கட்டு வரைக்கும் இழுக்கும். எத்தனை நாளைக்கு மறைக்கிறது, கடைசியில போய் நின்னேன். டாக்டர் அமுக்கிப் பாத்துட்டு "இது டென்னிஸ் எல்போ"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "டாக்டர், நான் கில்லிகூட ஒழுங்கா விளையாண்டதில்லை, நீங்க டென்னிசுங்கறீங்க"ன்னேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "மட்டையை வீசினாலும் சரி, போணியத் தூக்கினாலும் சரி, இழுபடுறது ஒரே நார்தான் மாஸ்டர்"னாரு. ஒரு டீக்கு நாலு தூக்கு, ஒரு நாளைக்கு எத்தனை டீ, வருஷத்துக்கு எத்தனை நாளுன்னு அவரே காகிதத்துல கணக்குப் போட ஆரம்பிச்சு, பாதியில பேனாவ மூடி வச்சுட்டாரு. ஸ்டீராய்டு ஊசின்னு ஒண்ணு போட்டாரு. அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் கடுத்துச்சு, ரெண்டாம் நாள் மந்தமா இருந்துச்சு, நாலாம் நாள் காலையில பாய்லர்கிட்ட நின்னு பழக்க தோஷத்துல கையத் தூக்குறேன், வலி எங்க? வலியக் காணோம்! ஒச்சாண்டம்மா, தாயேன்னு நான் கத்தினதுல டிராஃபிக்ல நின்ன போலீஸ்காரர் திரும்பிப் பாத்தாரு. அன்னைக்கு ஆத்துனேன் பாருங்க ஒரு டீ, கை தலைக்கு மேல, கிளாஸ் இடுப்புக்குக் கீழ, நடுவுல ஒரு சொட்டு சிந்தாம, மேல ரெண்டு விரல் நுரை. அந்த ஊசிய நான் குறை சொல்ல மாட்டேன். சுகர் ஏறிச்சு, அது வேற கதை, எனக்கு ஏற்கனவே சுகர், ஊசி போட்ட வாரம் அது எகிறிப்போயி ஜெயக்கொடி என்னையக் கேழ்வரகுக் கூழுல உக்கார வச்சுட்டா. ஆனாலும் வைகாசி, ஆனி, ஆடின்னு மூணு மாசம் எனக்கு என் கையத் திருப்பிக் குடுத்துச்சு. நன்றி கெட்டுப் பேசக்கூடாது. ஆவணியில ஒருநாள் பால் சட்டிய எறக்குறேன், சுருக்குனு பழைய இடம், பழைய வலி, போன சொந்தக்காரன் பையோட திரும்பி வந்து நிக்கிற மாதிரி. இன்னொண்ணு போடுங்க டாக்டர்னு போய் நின்னேன். "அதையே திரும்பத் திரும்பப் போட்டா நாரே நைஞ்சு போகும் மாஸ்டர், மதுரைக்கு எழுதித் தர்றேன்"னு அனுப்பி வச்சாரு. அவரும் நல்ல மனுசன்தான். போட்டுட்டுப் போன்னு போட்டிருக்கலாம்ல, போடலயே.

மதுரை டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு எனக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. அந்த ஊசி எரியறதை அணைக்கும், சீக்கிரமா அணைக்கும், ஆனா கிழிஞ்சதைத் தைக்காது. இந்த ஊசி உங்க ரத்தத்துலேர்ந்தே எடுத்து, கிழிஞ்ச நார்லயே விடுறது, தைக்கிற வேலைய உங்க உடம்பு பாக்கணும், அதுக்கு நாளாகும். அது நாலு நாள்ல சிரிக்க வைக்கும், இது மொத மூணு நாள் அழ வைக்கும், ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் பலன் தெரியும். "எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நிறையப் பேருக்குக் கேட்டிருக்கு"ன்னாங்க. சத்தியம் பண்ண மாட்டேன்னு சொன்னாங்க பாருங்க, அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. எங்க கடையில சத்தியம் பண்ணாத ஆளே கிடையாது. புத்தூர்க் கட்டுப் போடு, ஒரே வாரம், சத்தியம்பான் ஒருத்தன். தவிட்டு ஒத்தடம் குடு, என் மச்சான் எந்திரிச்சு நடந்துட்டான்பான் இன்னொருத்தன், மச்சானுக்கு வலிச்சது முழங்காலு. டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க, ஊசிக்குப் பத்து நாள் முன்னாடியே வலி மாத்திரைய நிறுத்திரணும், ஊசிக்கு அப்புறமும் போடக்கூடாது, போட்டா இந்த வைத்தியமே வேலை செய்யாதுன்னு. அந்த மாத்திரையிலதான் வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு. போன வாரம் திங்கக்கிழமை நிறுத்தினேன். அந்தப் பத்து நாளும் என்னத்தச் சொல்ல, பல்லு தேய்க்கறதுக்கு பிரஷ்ஷைத் தூக்க முடியல. யார்கிட்டயும் சொல்லல. கடையில ஒரு வார்த்தை விடல. விட்டா என்ன ஆகும்னு எனக்குத்தான தெரியும்.

ஊசிக்குப் பயம்னு சொன்னது பொய், அதாவது கொஞ்சம் நெசம், மிச்சம் பொய். பயம் மிஷினுக்கு. புரட்டாசியில ஒருத்தன் டை கட்டிக்கிட்டு வந்தான். பட்டனை அமுக்கினா டீ வர்ற மிஷின், நீலக் கலர்ல படம் போட்டு வழவழன்னு ஒரு அட்டை, அதை பாய் கையில குடுத்து, "ஆளே வேணாம் பாய். லீவு கேக்காது, கோவிச்சுக்காது, கை வலிக்குதுன்னு சொல்லாது"ங்கறான். நான் நாலடி தள்ளி நிக்கறேன், என்னைப் பாக்காமயே என்னைச் சொல்றான். பாய் அந்த அட்டைய ரொம்ப நேரம் பாத்தாரு. பாத்துட்டு, "யோசிச்சுச் சொல்றேன் தம்பி"ன்னாரு. யோசிச்சுச் சொல்றாராம்! இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல யோசிக்க என்னய்யா இருக்கு? அன்னைக்குப் பூரா எனக்குச் சீனி எங்க இருக்குன்னு தெரியல, ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை போட்டுக் குடுத்துட்டேன். எனக்கு அம்பத்திமூணு வயசு. வேற வேலை ஒண்ணும் தெரியாது. தெரியாதுங்கறதைவிட, வேற எடத்துல நின்னா நான் யாருன்னு எனக்கே தெரியாது, அதான் பயம். பட்டறையில நின்னாத்தான் நான் ஒச்சு மாஸ்டர், எறங்கிட்டா வெறும் ஒச்சப்பன். அந்தப் பயத்தோட நான் நிக்கறேன், அப்பப் பாத்து ஒவ்வொருத்தனும் வந்து சொல்றான், "மாஸ்டர், ஆத்தாம ஒரு டீ." ஆத்தாமன்னா தெரியும்ல, பாலை ஊத்தி, டிகாக்‌ஷனை ஊத்தி, ஸ்பூனால ஒரு கலக்குக் கலக்கி அப்படியே நீட்டுறது. கையத் தூக்கவே வேணாம். எப்பவாச்சும் அவசரத்துல பஸ் ஏறப்போறவன் கேப்பான், தப்பில்ல. ஆனா காலையில பத்துப் பேர் வந்தா எட்டுப் பேரு ஆத்தாமங்கறான். ஆத்தாம குடிக்கிற ஊருக்கு மாஸ்டர் எதுக்கு, பட்டன் போதாதா? ஒவ்வொரு தடவை அந்தச் சொல்லு காதுல விழறப்பயும், மிஷினுக்கு ஒரு ஓட்டு, மிஷினுக்கு ஒரு ஓட்டுன்னு விழும். நான் என்ன பண்ணேன், தூளு மேல பழியப் போட்டேன். தூளு மட்டம் பாய், சப்புனு இருக்கு, அதான் ஆத்தினா ஜனத்துக்குப் பிடிக்கலன்னு சொல்லி மூணு தடவை தூள மாத்த வச்சேன். வடிகட்டுற துணிய மாத்தினேன். பால்காரன்கிட்ட, தண்ணிய ஊத்துறியாடான்னு சண்டைக்குப் போனேன், பாவம், சொட்டுத் தண்ணி கலக்காத மனுசன், அழாத குறையாப் போனான். என்ன மாத்தினாலும் மறுநாள் காலையில வந்து, மாஸ்டர், ஆத்தாம. பெட்டி இன்னும் சுத்துது. பாதி நேரம் ஆயிருக்கும்.

அதுலயும் இந்த அய்யாக்கண்ணு சார் பண்ணதுதான் எனக்கு ஆறவே இல்லை. பத்திரம் எழுதுறவரு, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பதினஞ்சு வருஷமா மேஜை போட்டிருக்காரு, ஒரு நாளைக்கு அஞ்சு டீ. மனுசன் நாக்கு பொல்லாத நாக்கு. "மாஸ்டர், நேத்து நுரை ஒரு விரல் கம்மி"ன்னு கண்டுபிடிச்சுச் சொல்றவரு. அவரே வந்து ஆத்தாமங்கறாரு. சரின்னு குடுத்தா, "ஒரு காலி கிளாஸ் குடுங்க"ங்கறாரு. அதை வாங்கிக்கிட்டு உள்ள கடைசி பெஞ்சுக்குப் போயி, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து, ஒரு சாண் உசரத்துல இந்த கிளாஸுக்கும் அந்த கிளாஸுக்குமா தானே ஆத்திக் குடிக்கிறாரு! பாத்தேன். கண்ணால பாத்தேன். எனக்குக் காது மடல் சூடாயிருச்சு. அப்ப ஆத்தின டீ வேணும், ஆனா ஒச்சு ஆத்தின டீ வேணாம், அப்படித்தான? நேரா போயி, "ஏன் சார், என் கையில என்ன குஷ்டமா? ஆத்தாம குடிக்கணும்னா வீட்டுலயே குடிக்கலாம்ல, கடைக்கு எதுக்கு வர்றீங்க?"ன்னு கேட்டுட்டேன். நாலு பேர் முன்னாடி. மனுசன் முகம் சுருங்கிப் போச்சு. "பழக்கம் மாஸ்டர், பழக்கம்"னு முணங்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுநாள் வருவாரா மாட்டாரான்னு பாத்துக்கிட்டிருந்தேன், வந்தாரு. ஆத்தாம ஒண்ணு மாஸ்டர்னாரு. அன்னைக்கு வீம்புக்குன்னே அவருக்கு ஆத்தினேன், உசரத் தூக்கி, ரெண்டு தடவை, மூணு தடவை, உள்ள உசிரு போகுது, ஆத்தி மேஜையில டொக்குனு வச்சேன். அவரு அதை உடனே குடிக்கல, என்னையவே பாத்துக்கிட்டு இருந்துட்டு அப்புறமா ஒரு மடக்குல குடிச்சாரு. இருளாயி அக்கா இன்னொரு கேஸு. கடை வாசல்ல பூ விக்கிறவ. பல்லுக் கூச்சம், சூடு ஆகாது, "தம்பி, பச்சப்பிள்ளைக்கு ஆத்துற மாதிரி ஆத்திக் குடு"ன்னு கேட்டு வாங்கிக் குடிச்சவ. அவளும் ஆத்தாமங்கறா. வாங்கிப் பூக்கூடைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஊதுறா, ஊதுறா, ரெண்டு முழம் கட்டுறா, திரும்ப ஊதுறா, ஆடை பிடிச்சு, ஆறி அவலாப் போனப்புறம் குடிக்கிறா. ஏக்கா, இதுக்கு நான் ஆத்திக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிருவன்னு கேட்டா, "எனக்கு இப்படித்தான் இப்பப் பிடிக்குது, நீ உன் வேலையப் பாரு"ன்னு எரிஞ்சு விழுறா. கிறுக்கு பிடிச்ச ஊரு.

"ஐயா, அந்தக் கைய இப்படித் தூக்கித் தலகாணி மேல வைங்க, மருந்து தடவணும்"னு சிஸ்டர் பிள்ளை வந்து நிக்கிது. வச்சேன். ஒரு சாண் உசரந்தான், அதுக்கே முழங்கையில தீக்குச்சியக் கிழிச்ச மாதிரி. மூச்சுக்கூட விடல நான், சத்தியமா ஒரு சத்தம் வரல. அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "உதட்டைக் கடிக்காதீங்கய்யா, ரத்தம் வந்துறப் போகுது. வலிச்சா வாய விட்டுச் சொல்லுங்க. சொல்லலைன்னாலும் உங்க மூஞ்சியிலதான் எழுதி ஒட்டியிருக்கே." நான் எங்கம்மா கடிச்சேன்னேன். "இந்தா, இப்பக்கூட"ன்னு சொல்லிட்டுப் பஞ்சை எடுக்கப் போயிருச்சு. இடது கையால தொட்டுப் பாத்தேன். கீழுதட்டுக்கு உள்பக்கம் காய்ச்சுப்போயிக் கிடக்குது. பல்லு பதிஞ்ச தழும்பு. ஒரு நாள்ல வர்ற தழும்பு இல்லை இது. அப்ப நான் கையத் தூக்குறப்பெல்லாம் கடிச்சிருக்கேன். எத்தனை மாசமாக் கடிக்கறேன்? ஒரு டீக்கு நாலு தூக்கு, நாலு கடி. எனக்கு எதுத்தாப்ல நின்னு டீக்காகக் காத்துக்கிட்டிருக்கறவன் வேற எங்க பாப்பான், என் மூஞ்சியத்தான பாப்பான்? நான் மறைச்சேன் மறைச்சேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே, எதை மறைச்சேன்? பெட்டி சுத்துது, எனக்கும் தலை சுத்துற மாதிரி ஆயிருச்சு. இரு, இரு ஒச்சப்பா, மொதல்லேர்ந்து வா. இந்த ஆத்தாம எப்ப ஆரம்பிச்சுச்சு? போன கார்த்திகை, மார்கழி. எனக்கு வலி ஆரம்பிச்சது எப்ப? கார்த்திகை. சித்திரையில ஊசி போட்டு நாலாம் நாள், நான் தாயேன்னு கத்தின அன்னைக்கு, அய்யாக்கண்ணு சார் வந்து என்ன சொன்னாரு? "அப்படிப் போடுங்க, நல்லா ஆத்தி ஒண்ணு குடுங்க மாஸ்டர்"னாரு. சொன்னாரே! இருளாயி அக்கா, பச்சப்பிள்ளைக்கு ஆத்துற மாதிரின்னு திரும்பக் கேட்டாளே. வைகாசி, ஆனி, ஆடி, மூணு மாசம் ஒரு பயலும் ஆத்தாம கேக்கலயே. ஆவணியில வலி வந்துச்சு, ஆவணியிலயே ஆத்தாமயும் வந்துருச்சு. மாத்திரைய நிறுத்தின திங்கக்கிழமை? அன்னைக்குத்தான் பத்துக்குப் பத்துப் பேரும் ஆத்தாமன்னான், பாய் உள்பட. நுரை இல்லாட்டி டீயா அதுங்கற பாய், ஸ்பூனால கலக்கிக் குடுத்த டீய அவசரத்துல குடிச்சு நாக்கச் சுட்டுக்கிட்டு, அருமை அருமைன்னாரு. ரெண்டு ஊசியையும் டாக்டரம்மா பக்கத்துல பக்கத்துல வச்சுச் சொன்னாங்களே, அதே மாதிரி என் வலியையும் ஆத்தாமயையும் வச்சுப் பாத்தா இது தெரியுதே. அய்யோ. அய்யோ, அந்தக் காலி கிளாஸு. ஆத்தாத டீ பிடிச்ச மனுசன் எதுக்குத் தானே ஆத்திக் குடிப்பான்? அவருக்கு ஆத்தின டீதான் பிடிக்கும், எப்பவும் அதுதான் பிடிக்கும். முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தது என்னை அவமானப்படுத்த இல்லை, எனக்குத் தெரியக் கூடாதுன்னு. நான் வீம்புக்கு ஆத்தி வச்ச டீயக் குடிக்க முடியாம என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரே, என் உதட்டைத்தான பாத்திருக்காரு. அவரைப் போயி நாலு பேர் முன்னாடி, குஷ்டமான்னு. இந்த வாய் இருக்கே, இதைக் கழட்டிக் கழுவணும். இருளாயி அக்கா அந்தக் கூசுற பல்லை வச்சுக்கிட்டு ஒரு வருஷமா ஊதி ஊதிக் குடிச்சிருக்கா, எனக்காக. மிஷினுக்கு ஓட்டு, மிஷினுக்கு ஓட்டுன்னு எண்ணினேனே, எனக்கு விழுந்த ஓட்டையெல்லாம் எதிராளி பேர்ல எழுதிக்கிட்டிருந்திருக்கேன். ஆத்தின டீதான் வேணும்னு அத்தனை பேரும் நின்னிருந்தா ஆவணியோட என் கதை முடிஞ்சிருக்கும், கை விழுந்திருக்கும், பாய் வேற ஆளைப் பாத்திருப்பாரு. என்னைய பட்டறையில நிக்க வைக்கத்தான் அவனுங்க ருசிய விட்டுக் குடுத்திருக்காங்க. போன வாரம் கடையக் கூட்டறப்ப, எப்பவும் தடதடன்னு ஆடுற பெஞ்சு ஆடாம நிக்குதேன்னு குனிஞ்சு பாத்தேன். குட்டைக் காலுக்கு அடியில ஒரு அட்டைய நாலா மடிச்சு வச்சிருந்துச்சு. வழவழன்னு, நீலக் கலர் ஓரம், மிஷின்காரன் பாய்கிட்டக் குடுத்த அதே அட்டை. பாத்துட்டு, அட பரவாயில்லையேன்னு கூட்டிட்டுப் போயிட்டேன். எனக்கு மரமண்டை.

பெட்டி நின்னுருச்சு. அது நின்னப்புறந்தான் அந்த ரூம் எம்புட்டு அமைதின்னு தெரிஞ்சுச்சு. சிஸ்டர் குழாயத் தூக்கி வெளிச்சத்துல காட்டுச்சு, மேல மஞ்சளா, சுத்தமா, தெளிஞ்சு நிக்குது, கீழ அடர்ந்த சிவப்பு. "பாத்தீங்களாய்யா"ன்னுச்சு. பாத்தேன், ஆனா கலங்கலாத் தெரிஞ்சுச்சு, என் கண்ணு அப்படி இருந்துச்சு. "என் வீட்டுக்காரியக் கொஞ்சம் வரச் சொல்றியாம்மா"ன்னேன். ஜெயக்கொடி பதறிக்கிட்டு வந்தா, "என்னங்க, மயக்கமா வருதா? காலையில ஒழுங்காச் சாப்புடுங்கன்னு சொன்னேனே"ன்னு. இல்ல, நீ கடையில யார்கிட்டயும் என் கையப் பத்திச் சொன்னியான்னேன். முழிச்சா. "நான் எதுக்குங்க சொல்லப் போறேன், சொல்லக் கூடாதுன்னுதான் நீங்க என்னையப் போட்டு வறுத்தீங்களே"ன்னா. நான் விடாம அவளையே பாத்தேன். முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே, "பூ வாங்கறப்ப இருளாயி மதினிகிட்ட ஒரே ஒரு வார்த்தை விட்டேன், திங்கக்கிழமையிலேர்ந்து மாத்திரை கிடையாது, பத்து நாள் மனுசன் செத்துருவாருன்னு. அவுகளாக் கேட்டாக, தம்பி உதட்டைப் போட்டு இந்தக் கடி கடிக்குதே, வைத்தியம் பாக்குறீகளா இல்லையான்னு. பொய் சொல்லச் சொல்றீங்களா? வையாதீங்க"ன்னா. நான் எங்க வையறது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அய்யாக்கண்ணு சாருக்கும் தெரியுமாடி?" "அவருதாங்க எல்லாருக்கும் சொல்லி வச்சது. யாரும் மாஸ்டர்கிட்ட கை எப்படி இருக்குன்னு கேக்கக் கூடாது, கேட்டா ரோஷக்காரன், வேலைய விட்டுட்டுப் போயிருவான்னு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்டயும் மதினி சத்தியம் வாங்கிட்டாக." சொல்லிட்டு, போச்சு, சத்தியத்தை உடைச்சுட்டேனேன்னு வாயப் பொத்திக்கிட்டா. நீ இங்கயே இரு, வெளிய போகாத, நான் பயப்படறதைப் பாத்தாப் பாத்துட்டுப் போன்னு சொன்னேன். அவ என் இடது கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

டாக்டரம்மா வந்தாங்க, கையுறையப் போட்டாங்க. மரத்துப்போற ஊசி மொதல்ல, எறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் ஸ்கேன் குழாய முழங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே, அந்த மஞ்சத் தெளிவை ஒரே எடமா விடாம, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு நாருக்குள்ள குத்திக் குத்தி விட்டாங்க. மரத்துப்போனாலும் உள்ள ஒரு பாரம் இறங்குது, கனக்குது, எலும்பு வரைக்கும் போகுது. இது என் ரத்தம், எனக்கே வருதுன்னு நெனச்சேன். ஆனா இந்தக் கையில இது வரைக்கும் நாராவது மிஞ்சிக் கிடக்குன்னா அது என் ரத்தத்தால மட்டும் இல்லையே. இந்தப் பத்து நாள்ல நான் தூக்காத தூக்கு எத்தனை, ஒரு வருஷத்துல தூக்காத தூக்கு எத்தனை, அத்தனையும் யாரோ ஒருத்தன் நாக்கச் சுட்டுக்கிட்டு எனக்காக மிச்சம் பிடிச்சது. இந்த ஊசி கேக்குமா கேக்காதா, அது ஒச்சாண்டம்மா பாடு. கேக்கலைன்னாலும் நான் கொடுத்து வச்சவன்தான். கண்ணுலேர்ந்து தண்ணி அது பாட்டுக்குக் காதுப் பக்கம் வழியுது. டாக்டரம்மா கைய நிறுத்திட்டு, "ரொம்ப வலிக்குதா மாஸ்டர்? இன்னும் கொஞ்சந்தான்"னாங்க. வலிக்குது டாக்டரம்மா, நீங்க போடுங்கன்னேன். போட்டு முடிச்சுப் பஞ்சை வச்சு ஒட்டினாங்க. மூணு நாள் வலி கூடும், பயப்படாதீங்க, ஐஸ் வைங்க, மாத்திரைப் பக்கம் போயிறாதீங்கன்னாங்க. ஜெயக்கொடி ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிக்கிட்டு நின்னா. நான் போய் மொத வேலையா அய்யாக்கண்ணு சார்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். மன்னிச்சிருங்கன்னா அவருக்குத் தெரிஞ்சு போயிரும், எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. அந்த மனுசன் ஒரு வருஷமாக் காப்பாத்தின ரகசியம். அதை உடைக்க நான் யாரு? பேசாம, ஆத்தாம டீயோட கூடவே, அவர் கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு காலி கிளாஸையும் நல்லாக் கழுவித் தொடைச்சுப் பக்கத்துல வச்சுரணும். அதுல அவரு என்ன புரிஞ்சுக்குவாரோ புரிஞ்சுக்கட்டும். டாக்டரம்மா கையுறையக் கழட்டிக்கிட்டே, "முக்கியமான விஷயம் மாஸ்டர், ஆறு வாரத்துக்கு அந்தக் கையத் தோளுக்கு மேல தூக்கவே கூடாது. பட்டறையில நிக்கலாம், ஆனா டீயை ஆத்தக் கூடாது. ஆத்தாமக் குடுத்தா உங்க ஊர்ல குடிப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. ஜெயக்கொடி என்னையப் பாத்தா.

"குடிப்பாங்க டாக்டரம்மா"ன்னேன். "ஒரு வருஷமா அதைத்தான் குடிச்சுக்கிட்டிருக்காங்க."